சட்டம் படிக்க நுழைவுத் தேர்வு திரைக்கு மாறிவிட்டது: நம் பிள்ளைகள் எப்படித் தயாராவது?

செராஸ் – "தம்பி, மகளுக்கு எல்சாட் வகுப்புக்குப் பணம் கட்டச் சொல்றாங்க. இப்பெல்லாம் எல்லாம் கம்ப்யூட்டர்லதானாம், வகுப்பு இல்லாம முடியாதாம். கட்டலாமா?"

தாமான் கொனாட் எம்.ஆர்.டி. நிலையத்துக்கு அருகே ஒரு நிகழ்ச்சிக்குச் செய்தி எடுக்கப் போயிருந்தபோது ஓர் அம்மா என்னிடம் கேட்ட கேள்வி இது. கணவர் லோரி ஓட்டுகிறார். அவர் தொழிற்சாலை கேண்டீனில் வேலை செய்கிறார். செமினி பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். மகள் ஆறாம் படிவம். வழக்கறிஞராக வேண்டும் என்பது சின்ன வயதிலிருந்தே அந்தப் பிள்ளையின் ஆசையாம். வகுப்புக்குக் கேட்ட தொகை அவருடைய ஒரு மாதச் சம்பளத்தைவிட அதிகம்.

"அக்கா, ரெண்டு நாள் பொறுங்க. விசாரிச்சுச் சொல்றேன்" என்றேன். விசாரித்ததில் தெரிந்தவற்றை அவருக்கு மட்டும் சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. இதே கேள்வியோடு கிள்ளானிலும் பிரிக்பீல்ட்ஸிலும் எத்தனையோ பெற்றோர் இருப்பார்கள்.

முதலில், எந்தத் தேர்வு யாருக்கு?

எல்சாட் என்பது அமெரிக்கா, கனடா சட்டப் பள்ளிகளுக்கான நுழைவுத் தேர்வு. அங்கே ஒரு பட்டம் முடித்த பிறகே பெரும்பாலும் சட்டம் படிக்கப் போவார்கள். மலாயாப் பல்கலைக்கழகம், மலேசிய தேசியப் பல்கலைக்கழகம் போன்ற நம் அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் சட்டம் படிக்க எல்சாட் தேவையில்லை. எஸ்.டி.பி.எம். மாணவர்கள் யு.பி.யு. வழி விண்ணப்பிக்கிறார்கள். அங்கே பார்க்கப்படுவது எஸ்.டி.பி.எம். புள்ளி, மூவெட் எனப்படும் ஆங்கிலத் தேர்வின் தரநிலை, சில இடங்களில் நேர்காணல்.

பிரிட்டனில் சட்டம் படிக்க நினைப்பவர்களுக்கு வேறொரு தேர்வு உண்டு. அதன் பெயர் எல்நாட். ஆக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ், கிங்ஸ் காலேஜ், எல்.எஸ்.இ., பிரிஸ்டல் உள்ளிட்ட சில பல்கலைக்கழகங்கள் மட்டுமே இதைக் கேட்கின்றன. பிரிட்டனின் மற்றப் பல பல்கலைக்கழகங்கள் கேட்பதில்லை. வேலை செய்துகொண்டே நம்மவர்கள் பலர் படித்து முடித்த லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிச் சட்டப் பட்டத்துக்கும் இப்படி ஒரு நுழைவுத் தேர்வு கிடையாது.

இன்னொன்றையும் பெற்றோர் கவனிக்க வேண்டும். மலேசியாவில் வழக்கறிஞராகத் தொழில் செய்ய எந்தப் பட்டம் செல்லும் என்பதை 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டமும் அதன்கீழ் இயங்கும் தகுதி வாரியமும் முடிவு செய்கின்றன. மலாயாப் பல்கலைக்கழகச் சட்டப் பட்டம் பெற்றவர் நேராக ஒன்பது மாதப் பயிற்சிக்குப் போகலாம். பிரிட்டன், ஆஸ்திரேலியா, நியூசிலாந்தில் அங்கீகரிக்கப்பட்ட பட்டம் பெற்று வருபவர் பொதுவாகச் சி.எல்.பி. தேர்வில் தேற வேண்டும் அல்லது இங்கிலாந்தில் பாரிஸ்டர் ஆகி வர வேண்டும். அமெரிக்கப் பட்டத்தோடு இங்கே நீதிமன்றம் ஏறலாம் என்று யாராவது சொன்னால், பணம் கட்டுவதற்கு முன்னால் வாரியத்தின் பட்டியலைப் பாருங்கள். மலாய் மொழித் தகுதியும் சட்டம் கேட்கும் ஒன்று. எஸ்.பி.எம். மலாய்த் தாளை அலட்சியப்படுத்த வேண்டாம்.

ஆக, அந்த அம்மாவின் மகளுக்கு எல்சாட் வகுப்பு தேவையே இல்லை. ஆனால் "எல்லாம் கம்ப்யூட்டர்லதான்" என்று அவர் கேள்விப்பட்டதில் உண்மை இருக்கிறது.

தாளிலிருந்து திரைக்கு

எல்சாட் பல பத்தாண்டுகள் பென்சிலும் தாளுமாக நடந்த தேர்வு. 2019 ஜூலையில் ஒரு பகுதியினருக்குத் தாள், மறு பகுதியினருக்குக் கைக்கணினி எனப் பிரித்து நடத்தினார்கள். அந்த ஜூலையில் எழுதியவர்களுக்கு ஒரு சலுகையும் தந்தார்கள். புள்ளியைப் பார்த்த பிறகு வேண்டாம் என்று தோன்றினால் அதை ரத்து செய்துவிட்டு, கட்டணமின்றி மறுபடி எழுதலாம். புதிய முறை சிலரைத் தடுமாற வைக்கும் என்று நடத்துபவர்களுக்கே தெரிந்திருந்தது. அந்தச் செப்டம்பரில் வட அமெரிக்காவில் தேர்வு முழுக்கத் திரைக்குப் போய்விட்டது. 2020இல் கோவிட் வந்ததும் வீட்டிலிருந்தே, கேமரா கண்காணிப்பில் எழுதும் முறை வந்தது.

2024 ஆகஸ்ட்டில் இன்னொரு மாற்றம். படம் வரைந்து தீர்க்க வேண்டிய தர்க்கப் புதிர்ப் பகுதி தேர்விலிருந்து நீக்கப்பட்டது. பார்வையற்றவர்களால் அப்படிப் படம் வரைய முடியாது என்று தொடுக்கப்பட்ட வழக்கில் 2019இல் ஏற்பட்ட சமரசத்தின் விளைவு இது. எனவே எல்சாட் உண்மையிலேயே தேவைப்படுபவர்கள், தர்க்கப் புதிர்கள் நிறைந்த பழைய புத்தகங்களை மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கிவிடக் கூடாது.

எல்நாட் கணினியில் எழுதும் தேர்வு. கேம்பிரிட்ஜ் முன்பு தனக்கென ஓர் எழுத்துத் தேர்வு வைத்திருந்தது. இப்போது அதுவும் எல்நாட்டுக்கு மாறிவிட்டது. நம் நாட்டில் மூவெட் தேர்வைத் தாளிலும் எழுதலாம், கணினி வழி நடக்கும் முறையிலும் எழுதலாம். பிள்ளை எந்தப் பாதையில் போனாலும் ஏதாவது ஒரு கட்டத்தில் விசைப்பலகையின் முன் உட்கார வேண்டியிருக்கும்.

இந்தியாவில் நடந்தது

திரைக்கு மாறுவது எப்போதும் சுமுகமாக நடந்துவிடாது. இந்தியாவின் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வு 2015இல் கணினி வழிக்கு மாறியது. திருச்சியில் உள்ள தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகத்துக்கும் இந்தத் தேர்வு வழியாகவே மாணவர்கள் சேர்கிறார்கள். 2018 மே 13 அன்று நடந்த தேர்வில் பல மையங்களில் கோளாறு. திரை உறைந்து நின்றது, உள்நுழைய முடியவில்லை, கணினியை மாற்றி உட்கார வைத்தார்கள் என்று புகார்கள் குவிந்தன. விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. குறை தீர்க்கும் குழு அமைக்கப்பட்டு, ஒவ்வொருவரும் எத்தனை நிமிடம் இழந்தார் என்பதைக் கணக்கிட்டு, பாதிக்கப்பட்ட நாலாயிரத்துக்கும் மேற்பட்டோருக்கு ஈட்டு மதிப்பெண் தரப்பட்டது. அடுத்த ஆண்டே தேர்வு தாளுக்குத் திரும்பியது. கோவிட் காலத்தில் 2020இல் ஒரு முறை மட்டும் மையங்களில் கணினி வழி நடந்தது. பிறகு மறுபடியும் தாள்தான்.

இதிலிருந்து நம் பிள்ளைகள் எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் ஒன்று உண்டு. தேர்வில் கணினி தகராறு செய்தால், 'முடிந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்' என்று வாய்மூடி உட்கார்ந்திருக்கக் கூடாது. அந்த நிமிடமே கையைத் தூக்க வேண்டும். எந்த நேரத்தில் நின்றது, எத்தனை நிமிடம் போனது என்பதை மனத்தில் குறித்துக்கொள்ள வேண்டும். புகாரைப் பதிவு செய்யச் சொல்லி, அதற்கான எண்ணைக் கேட்டு வாங்க வேண்டும். நம் பிள்ளைகள் பெரியவர்களிடம் எதிர்த்துப் பேசக் கூடாது என்று வளர்ந்தவர்கள். கையைத் தூக்கிக் கேட்பது எதிர்ப்பு ஆகாது என்று வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.

எல்நாட்டில் என்ன இருக்கிறது?

தேர்வு மொத்தம் 2 மணி 15 நிமிடம். முதல் பகுதியில் 12 பத்திகள், 42 கேள்விகள், 95 நிமிடம். ஒரு பத்தியைப் படித்து அதன் மூன்று நான்கு கேள்விகளுக்குப் பதில் சொல்ல எட்டு நிமிடத்துக்கும் குறைவாகவே கிடைக்கும். தவறான விடைக்குப் புள்ளி குறைக்கப்படாது. எனவே எதையும் காலியாக விடக் கூடாது. இரண்டாம் பகுதியில் தரப்படும் தலைப்புகளில் ஒன்றுக்கு 40 நிமிடத்தில் கட்டுரை எழுத வேண்டும். கட்டுரைக்குத் தேர்வு அமைப்பு புள்ளி போடாது. அதை அப்படியே பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பிவிடும். அங்கே படித்துப் பார்ப்பார்கள்.

சட்ட அறிவு எதுவும் கேட்கப்படாது. ஒரு வாதம் எதன்மேல் நிற்கிறது என்று கண்டுபிடிக்கத் தெரிகிறதா என்பதைத்தான் பார்க்கிறார்கள். நம் செராஸிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். "புதன்கிழமை இரவு தாமான் கொனாட் சாலைகளில் நெரிசல் தாங்க முடியவில்லை. இரவுச் சந்தை நடப்பதும் புதன்கிழமைதான். ஆகவே சந்தையை மூடிவிட்டால் மக்கள் நிம்மதியாக இருப்பார்கள்."

இந்த மூன்று வரிக்குள் சொல்லாமல் விட்டவை எத்தனை? நெரிசலுக்குச் சந்தைதான் காரணம், வேறெதுவும் இல்லை என்பது ஒன்று. மூடினால் வியாபாரிகள் அதே பகுதியில் வேறிடத்தில் கூட மாட்டார்கள் என்பது இன்னொன்று. நிம்மதி என்றால் நெரிசலின்மை மட்டும்தான், பிழைப்பு போனவர்கள் கணக்கில் வர மாட்டார்கள் என்பது மூன்றாவது. "ஆசிரியர் எதை உண்மை என்று வைத்துக்கொண்டு பேசுகிறார்?" என்று கேள்வி வந்தால், இவற்றில் ஒன்றுதான் விடையாக இருக்கும்.

இந்தத் திறன் நமக்குப் புதிதல்ல. தமிழ்ப்பள்ளியில் விவாத மேடை ஏறிய பிள்ளைக்கு எதிரணியின் வாதத்தில் ஓட்டை தேடத் தெரியும். நம் பழைய உரையாசிரியர்களும் மாற்றுக் கருத்தை எடுத்துச் சொல்லி, அதை மறுத்துவிட்டுத் தம் முடிவுக்கு வருவார்கள். நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் வேறு. அதே வேலையை ஆங்கிலத்தில், திரையில், கடிகாரம் ஓட ஓடச் செய்ய வேண்டியிருப்பதுதான் அது.

திரை ஏன் சிரமம்?

தாளில் படிப்பதையும் திரையில் படிப்பதையும் ஒப்பிட்டு 2000 முதல் 2017 வரை வெளிவந்த 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியானது. தாளில் படித்தவர்களே கூடுதலாகப் புரிந்துகொண்டார்கள் என்பது அதன் முடிவு. நேரக் கட்டுப்பாடு இருந்தபோதும், தகவல் சார்ந்த பத்திகளைப் படித்தபோதும் அந்த வித்தியாசம் தெரிந்தது. இந்தத் தேர்வுகளில் இருப்பதும் அவை இரண்டுதான். கைப்பேசியில் விரலால் தள்ளித் தள்ளிப் படித்துப் பழகிய கண், திரையைக் கண்டாலே மேலோட்டமாக ஓடத் தொடங்கிவிடுகிறது.

தட்டச்சும் அப்படித்தான். எல்நாட் கட்டுரை 500 முதல் 600 சொற்கள் இருந்தால் நல்லது. 40 நிமிடத்தில் பத்து நிமிடம் யோசிக்கப் போய்விடும் என்று வையுங்கள். மீதி 30 நிமிடத்தில் 550 சொற்கள் என்றால், நிமிடத்துக்கு 18 சொற்களுக்கு மேல் தட்டியாக வேண்டும். விரல் பழகியவருக்கு இது சுலபம். இரண்டு விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டும் பிள்ளை நிமிடத்துக்குப் பத்துச் சொல் தட்டினால், 300 சொல்லில் நேரம் முடிந்துவிடும். அந்தப் பிள்ளையிடம் நல்ல வாதம் இருந்திருக்கும். படிப்பவர் கையில் கிடைப்பதோ பாதிக் கட்டுரை.

வீட்டில் மடிக்கணினி இல்லாத குடும்பங்கள் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான். அதே சமயம், காசு இல்லாமலே சரிசெய்யக்கூடியதும் இதுதான்.

எட்டு வாரத் திட்டம்

முதல் இரண்டு வாரம்: தினமும் இருபது நிமிடம் தட்டச்சு மட்டும். இணையத்தில் இலவசப் பயிற்சித் தளங்கள் நிறைய இருக்கின்றன. விசைப்பலகையைப் பார்க்காமல் பத்து விரலால் தட்டப் பழகுங்கள். எழுத்துப் பிழையைத் தானே திருத்தும் வசதியை அணைத்துவிடுங்கள். தேர்வில் அது இருக்கும் என்று நம்பக் கூடாது.

மூன்றாவது, நான்காவது வாரம்: தினமும் ஓர் ஆங்கில நாளேட்டின் கருத்துக் கட்டுரையைப் பெரிய திரையில் படியுங்கள். படித்து முடித்ததும் திரையை மூடிவிட்டு மூன்று வரி எழுதுங்கள். எழுதியவர் என்ன சொல்கிறார், அதற்கு என்ன காரணம் காட்டுகிறார், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்? முதல் வாரம் தமிழிலேயே எழுதலாம், தவறில்லை.

ஐந்தாவது, ஆறாவது வாரம்: மாதிரித் தேர்வு. எல்நாட்டின் அதிகாரபூர்வத் தளத்தில் மாதிரித் தேர்வுகள் இலவசம். எல்சாட் எழுதுபவர்களுக்கு லா ஹப் என்னும் அதிகாரபூர்வத் தளத்தில் இலவசத் தேர்வுகள் உண்டு. முதல் முறை நேரம் பார்க்காமல் செய்யுங்கள். விடை ஏன் தவறானது என்பதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திரையிலேயே கேள்வியைக் குறித்து வைத்துவிட்டு அடுத்ததற்குப் போய், பிறகு திரும்பி வரும் வசதியைப் பழகிக்கொள்ளுங்கள். எல்நாட்டில் முதல் பகுதிக்குள் முன்னும் பின்னும் போகலாம். கட்டுரைப் பகுதிக்குப் போய்விட்டால் திரும்ப முடியாது.

கடைசி இரண்டு வாரம்: வாரத்துக்கு இரண்டு முறை முழு நேரத் தேர்வு. இடையில் எழுந்து போகாமல், கைப்பேசி இல்லாமல், உண்மைத் தேர்வு எந்த நேரமோ அதே நேரத்தில் எழுதுங்கள். வாரத்துக்கு இரண்டு கட்டுரையை 40 நிமிடத்தில் தட்டி முடித்து ஆசிரியரிடம் காட்டுங்கள்.

கணினிக்கு எங்கே போவது? கோலாலம்பூர்ப் பிள்ளைகளுக்கு டத்தாரான் மெர்டேக்கா அருகே உள்ள கோலாலம்பூர் நூலகமும், ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகமும் இருக்கின்றன. வெளியூரிலும் தோட்டப்புறத்திலும் இருப்பவர்கள், முன்பு பெடி என்றும் இப்போது நாடி என்றும் அழைக்கப்படும் சமூக இணைய மையம் அருகில் எங்கே இருக்கிறது என்று விசாரியுங்கள். பள்ளிக் கணினி அறையை மாலையில் ஒரு மணி நேரம் திறந்துவிட முடியுமா என்று ஆசிரியரிடம் கேட்டுப் பார்ப்பதிலும் நட்டமில்லை.

பெயரில் வரும் சிக்கல்

நம்மவர்களுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. நம் கடவுச்சீட்டில் பெயருக்கு நடுவே ஏ/எல், ஏ/பி இருக்கும். வெளிநாட்டுத் தேர்வுப் படிவமோ முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம்தான் தரும். தேர்வு மையத்தில் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் பதிவில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒத்துப்போகவில்லை என்றால் உள்ளே விடாமல் போகலாம். கடவுச்சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பதியுங்கள். சாய்கோட்டைப் படிவம் ஏற்காவிட்டால் எப்படி எழுதுவது என்று தேர்வு அமைப்புக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் கேளுங்கள். பதிலை அச்செடுத்துத் தேர்வு நாளில் கையோடு கொண்டு போங்கள். கடவுச்சீட்டு காலாவதி ஆகிவிட்டதா என்பதையும் இன்றே பாருங்கள்.

எல்நாட்டைப் பொறுத்தவரை ஒரு சேர்க்கை ஆண்டில் ஒரே முறைதான் எழுதலாம். அந்தப் புள்ளி அடுத்த ஆண்டுக்குச் செல்லாது. பதிவு ஆகஸ்ட்டிலும் தேர்வு செப்டம்பரிலும் தொடங்கும். ஆக்ஸ்போர்டுக்கும் கேம்பிரிட்ஜுக்கும் மற்றவற்றைவிட முன்னதாகவே கெடு முடிந்துவிடும். வெளிநாட்டு மாணவர்களுக்குக் கட்டணமும் கூடுதல். அந்தந்த ஆண்டின் தேதியையும் கட்டணத்தையும் அதிகாரபூர்வத் தளத்தில் மட்டும் பாருங்கள். வாட்ஸ்அப்பில் வருவதை நம்ப வேண்டாம்.

இரண்டு நாள் கழித்து அந்த அம்மாவுக்கு அழைத்தேன். எல்சாட் வேண்டாம், மகளுக்கு இப்போது எஸ்.டி.பி.எம். புள்ளியும் மூவெட்டும்தான் முக்கியம், உபகாரச் சம்பளம் கிடைத்து பிரிட்டன் போகும் வாய்ப்பு வந்தால் மட்டும் எல்நாட்டைப் பார்க்கலாம் என்று சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சில்லை. பிறகு, "அப்ப அந்தக் காசுல ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கிக் குடுக்கலாமா தம்பி?" என்று கேட்டார்.

தாராளமாக வாங்கிக் கொடுங்கள் என்றேன்.